நமக்குள்ள என்னடே பேப்பரு?

பம்பாய் சுனாபட்டி ஸ்டேஷனை ஒட்டின சந்தில் எனக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கும் குடிவருகிறவருக்கும் லீவ் அண்ட் லைசன்ஸ் அக்ரிமென்ட் அடித்து, பதிந்து கொடுக்கிற பிழைப்பு. ஆன்லைன் பதிவு வந்ததிலிருந்து கைரேகை மெஷினையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு நானே வீடுவீடாகப் போகிறேன். எவரார்ட் நகர், சயான், செம்பூர், தாராவி தொண்ணூறடி ரோடு எல்லாம் நம்ம எல்லைதான். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துபோன ஆச்சிகள் விரலை மெஷின் ஒத்துக்கொள்ளாது. துணியை நனைத்துத் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்றாவது பச்சை விளக்கு காட்டுகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஊருக்கெல்லாம் அக்ரிமென்ட் போடுகிறவன், கொடைக்கானலில் ஒரு வாரம் தங்குவதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட வாங்காமல் 28,000 ரூபாயை ஜீபேயில் தட்டிவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது யாராவது அக்ரிமென்ட் பேசிக்கொண்டிருந்தால் என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள். அந்தப் பார்வைக்கு ஸ்டாம்ப் ஒட்டத் தேவையில்லை.

செம்பூரில் ஒரு அண்ணாச்சி. எங்க ஊர்ப் பக்கம்தான், அப்பா காலத்துப் பழக்கம். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், வியாபாரம் நன்றாக ஓடின காலத்தில் ஒரு கம்பெனிக்காரன் ஓட்டலில் விருந்து வைத்து, குலுக்கலில் ஒரு டின்னர் செட்டும் கொடுத்து, டைம்ஷேர் ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்கிறான். கொடைக்கானலில் வருஷத்துக்கு ஒரு வாரம், மே மாசம், 25 வருஷத்துக்கு. முதல் நாலைந்து வருஷம் குடும்பத்தோடு போனார். பிறகு பிள்ளைகள் துபாய், டல்லாஸ் என்று பறந்துவிட்டார்கள். அண்ணிக்கு முட்டுவலி. வாரம் சும்மா கிடக்கிறது. "நீ போய்ட்டு வாடே. வெளியில நாப்பதாயிரம் ஆகும். நீ இருவத்தெட்டு குடு போதும்" என்றார்.

"ஒரு பேப்பர் எழுதிக்கிடலாமா அண்ணாச்சி?" என்று கேட்கத்தான் செய்தேன். தொழில் புத்தி. அவர் முகம் சுருங்கிவிட்டது. "நமக்குள்ள என்னடே பேப்பரு?"

அதோடு நான் அடங்கிவிட்டேன். பம்பாயில் இருக்கிற நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. முன்பின் தெரியாத மார்வாடியிடம் பைசா பைசாவாக எழுதி வாங்குவோம். தெரிந்தவர் என்றால் பேப்பர் கேட்பதே அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நானோ வீட்டுக்கு வீடு போய், "அண்ணன் தம்பியா இருந்தாலும் எழுதிக்கிடுங்க, மகாராஷ்டிராவில அதான் சட்டம்" என்று பாடம் எடுக்கிறவன்.

சட்டமும் அப்படித்தான். நாடு முழுக்க வாடகைப் பத்திரத்தைப் பதினோரு மாசத்துக்குப் போடுகிறார்களே, எதற்கு? 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்தைத் தாண்டின குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும். அதற்கு டிமிக்கி கொடுக்கத்தான் பதினோரு மாசம். மகாராஷ்டிராவில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. 1999ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆம் பிரிவு: எத்தனை மாசமானாலும் எழுதிப் பதிய வேண்டும், பதிகிற பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாவிட்டால் மூன்று மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி, தகராறு என்று வந்தால் குடியிருக்கிறவர் சொல்கிற நிபந்தனைதான் எடுபடும், வீட்டுக்காரர் மாற்றி நிரூபிக்கிற வரைக்கும். இதைச் சொன்னதும் எப்பேர்ப்பட்ட கருமியும் பர்ஸைத் திறப்பார். மொத்த வாடகை, அதோடு டெபாசிட்டுக்கு வருஷம் 10 சதவீத வட்டி என்று ஒரு கற்பனைக் கணக்கு, இரண்டையும் கூட்டி அதில் கால் சதவீதம் ஸ்டாம்ப் டியூட்டி. பதிவுக் கட்டணம் 1,000. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் ஏழு நாள் ரூமுக்கு எந்தப் பிரிவு? அதை யோசிக்காமலே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

திண்டுக்கல்லில் இறங்கி வேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிற நேரத்தில் டிரைவர் கேட்டார்: "சார், இ-பாஸ் எடுத்திருக்கீங்கல்ல?" சென்னை ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாசத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் இல்லாமல் போக முடியாது என்பது பம்பாயில் இருக்கிற எனக்கு எங்கே ஞாபகம் வரும்? ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, சிக்னல் கிடைக்கிற ஒரு புளியமரத்தடியில் நின்று போனில் எடுத்தோம். எத்தனை நாள், எங்கே தங்கல் என்று அதில் கேட்கிறான். ரிசார்ட் பேரைப் போட்டேன். அந்த ரிசார்ட்டில் என் பேர் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அப்போதாவது மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணி. பனி இறங்கிவிட்டது. வேன் வளைவில் வளைந்த வளைவுக்கு அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு ரிசப்ஷன் சோபாவில் சுருண்டிருந்தாள். பிள்ளைகள் மீன்தொட்டியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் இருந்த பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும், ரொம்ப மரியாதையானவன். கீபோர்டைத் தட்டினான், நெற்றியைச் சுருக்கினான், பிறகு மானிட்டரையே என் பக்கம் திருப்பிக் காட்டினான். அண்ணாச்சி பேர் இருந்தது. பக்கத்தில் சிவப்பில் ஒரு கட்டம்.

"மெம்பர் அக்கவுண்ட் ஹோல்டுல இருக்கு சார். மெயின்டனன்ஸ் பாக்கி. போன வருஷத்தது ஒண்ணு, ஏப்ரல்ல விழுந்தது ஒண்ணு. பணம் வந்தாத்தான் சாவி குடுக்க முடியும். கெஸ்ட் லெட்டரும் வரல."

கெஸ்ட் லெட்டரா? அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். மெம்பர் தான் வராமல் வேறு ஆளை அனுப்பினால், அந்த ஆள் பேரைக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கம்பெனி சரி என்று ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. அன்றைக்குச் சஷ்டி. செட்டா நகர் முருகன் கோயிலில் 108 படி ஏறி, போனை சைலன்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். இங்கே நான் ஒரு படிகூட ஏற முடியாமல் கவுன்டரில் நிற்கிறேன்.

எட்டே முக்காலுக்கு எடுத்தார். "அட, அந்த ஏஎம்சியா? மறந்தே போச்சு பாத்துக்க. நீ கெட்டிரு, பொறவு நாம பாத்துக்கிடலாம்."

வருஷத்துக்கு 17,500, இரண்டு வருஷம் 35,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 41,300 ரூபாய். கார்டில் தேய்த்தேன். அண்ணாச்சி அங்கிருந்து மெயில் அனுப்ப, பையன் பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கினான். சாவி வந்தது. கூடவே இன்னொரு தாள். ரூமுக்கு நாலு பெரியவர், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள். கூட வந்த என் தங்கச்சி மகனுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. ஆகவே அவன் பெரியவன். கூடுதல் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200. ஏழு ராத்திரிக்கு 8,400. "ஆறு பேர் தாராளமாப் படுக்கலாம்டே" என்று அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. படுக்கலாம். கணக்குத்தான் வேறு.

ஆக 77,700. ராத்திரிக்கு 11,100. இன்னும் ஒரு ரூபாய் போட்டிருந்தால் மொய்க் கணக்கு.

ரிசார்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பையன் மேல் சுத்தமாக இல்லை. அவனுக்கும் எனக்கும் ஒப்பந்தமே கிடையாது. என் அக்ரிமென்ட் அண்ணாச்சியோடு, அதுவும் வாயால். வாயால் பேசினாலும் சட்டப்படி ஒப்பந்தம்தான், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அதைத் தள்ளவில்லை. நிரூபிக்கிறதுதான் பாடு. "நீ கெட்டிரு, பொறவு பாத்துக்கிடலாம்" என்பதில் "பொறவு" என்றால் எந்தத் தேதி என்று எந்த கோர்ட் சொல்லும்?

ஏழு ராத்திரியும் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு, இந்த டைம்ஷேர் என்பதே என்ன என்று யோசித்தேன். வீட்டுக்காரர் வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்றால் வீடு அவருடையது. அண்ணாச்சியிடம் இருப்பது சுவரும் இல்லை, தரையும் இல்லை. வருஷத்தில் ஏழு நாள் அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி கொடுத்த அனுமதி. அந்த அனுமதிக்கும் ஆயிரம் நிபந்தனை. அந்த அனுமதியிலிருந்து கிள்ளித்தான் அவர் எனக்குக் கொடுத்தார். நிறையக் கம்பெனிகளின் விதிப் புத்தகத்தில், உறவுக்காரர் நண்பரை அனுப்பலாம், காசுக்கு விடக் கூடாது என்றே இருக்கும். அப்படி இருந்தால் நாங்கள் இருவரும் ஆயிரம் ஷரத்து எழுதினாலும் கவுன்டர் பையன் முன்னால் அது வெறும் காகிதம்தான். அதனால் அக்ரிமென்டின் முதல் வரியே, "இதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு, கம்பெனி விதி அதற்கு இடம் தருகிறது" என்று அண்ணாச்சி சொல்வதாக இருக்க வேண்டும். அந்த விதி இருக்கிற பக்கத்தையும் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும். இதை எழுதச் சொல்லியிருந்தால் அவர் பழைய பைலைத் தேடியிருப்பார். தேடியிருந்தால் பாக்கி நோட்டீஸ் அதற்குள்ளேயே கிடந்திருக்கும்.

இந்தக் கூத்து இன்று நேற்று வந்ததில்லை. 1960களில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்கு ஊர்களில் கிளம்பின யோசனை. 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ என்று ஒன்று வந்து, உன் வாரத்தை எனக்குத் தா, என் வாரத்தை உனக்குத் தருகிறேன் என்று பண்டமாற்று ஆரம்பித்தது. சீசனுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பூசினார்கள். இங்கே 1986இல் ஸ்டெர்லிங், 1996இல் மகிந்திரா. அண்ணாச்சியுடையது அந்தப் பெரிய பேர்கள் எதுவும் இல்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாத கம்பெனி. பம்பாய்க்காரர்கள் "ரூம் நைட்" என்ற வார்த்தையை மறந்திருக்க மாட்டார்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பைக் கம்பெனி ஓட்டல் ராத்திரிகளை விற்று, தங்காவிட்டால் சில வருஷம் கழித்துக் கூடுதலாகப் பணம் தருவதாகச் சொல்லி, 50 லட்சம் பேருக்கு மேல், 7,000 கோடிக்கு மேல் வசூலித்த பிறகுதான் 2014 ஜூலையில் செபி தடை போட்டது. ஐரோப்பாவில் 2008இல் வந்த உத்தரவுப்படி டைம்ஷேரில் கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. கம்பெனி ஏமாற்றினால் மெம்பருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி தான் குடியிருக்கிற ஊரிலேயே புகார் போடலாம். அண்ணாச்சி மறந்துபோனால் எனக்கு எந்த ஆணையம்? அவர் என்ன கம்பெனியா?

திரும்பி வந்ததும், ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மத்தியானம், ஹார்பர் ரயில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்க, கடையில் உட்கார்ந்து ஒரு மாதிரிப் பத்திரம் அடித்தேன். யாருக்கு? எனக்கே. ஆற்றாமைக்கு.

வாரம் எது என்பதை நம்பரில் மட்டும் எழுதக் கூடாது. "20ஆம் வாரம்" என்று அண்ணாச்சி சொன்னார். நான் காலண்டரை வைத்து எண்ணினேன். ரிசார்ட்டுக்கு வாரம் சனிக்கிழமை மத்தியானம் பிறக்கிறது. சில வருஷத்தில் 53 வாரம்கூட வந்துவிடும். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஒரு நாள் தப்பினால் மே மாசத்தில் மறு டிக்கெட் கிடைக்குமா? நல்ல வேளை, தேதியை மட்டும் என் வீட்டுக்காரி ரிசார்ட்டுக்கே போன் போட்டுக் கேட்டுவைத்திருந்தாள். ஆகவே தேதி, கிழமை, எத்தனை மணிக்குச் சாவி, எத்தனை மணிக்குக் காலி, எல்லாம் எழுத்தில். ரூம் எந்த வகை, எத்தனை தலை, பிள்ளை எந்த வயதில் பெரியவன் ஆகிறான் என்பதும்.

பாக்கி இல்லை என்பதற்கு இந்த வருஷ ரசீது. இதுதான் பத்திரத்தின் உயிர். தங்கல் தேதிக்கு முன்னால் பாக்கி எது விழுந்தாலும் மெம்பர் பொறுப்பு; வந்தவர் கட்ட நேர்ந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தேதி போட்டு. "பொறவு" கிடையாது.

பணத்தை ஒரே மூச்சில் கொடுக்கக் கூடாது. கையெழுத்தன்று கொஞ்சம், கெஸ்ட் லெட்டர் என் பேரில் வந்து, நானே ரிசார்ட்டுக்குப் போன் போட்டு என் பேர் இருக்கிறது என்று கேட்ட பிறகு மீதி. மெம்பர் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பயனில்லை. கவுன்டர் ஆள் வாயால் என் பேரைச் சொல்ல வேண்டும்.

கரன்ட், கேஸ், கூடுதல் மெத்தை, துணி துவைக்கிறது என்று அங்கே போனபின் முளைக்கிற பில் யார் தலையில்? கண்ணாடி உடைந்தால் ரிசார்ட் கேட்கிறது மெம்பரை. மெம்பர் கேட்கிறது என்னை. அதற்கு ஒரு டெபாசிட். திரும்பி வந்து பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நான் வர முடியாமல் போனால் எவ்வளவு பிடித்தம்? அவர் தர முடியாமல் போனால் முழுப் பணம் போதுமா, ரயில் டிக்கெட் யார் தருவது? மலைச்சரிவு, புயல் என்று ரிசார்ட்டே மூடினால்? ரிசார்ட் ரூமை மாற்றிக் கொடுத்தால்? என் இடத்தில் நான் வேறு ஆளை அனுப்பலாமா? ஒவ்வொன்றும் ஒரு வரிதான். தகராறு வந்தால் மும்பை கோர்ட். திண்டுக்கல்லுக்கு யார் அலைவது? 500 ரூபாய் ஸ்டாம்ப். முன்பெல்லாம் 100 ரூபாய்தான். 2024 அக்டோபரில் ஐந்து மடங்கு ஏற்றிவிட்டான் மகாராஷ்டிரா சர்க்கார், அது வேறு வயிற்றெரிச்சல்.

அடித்து முடித்தால் இரண்டே பக்கம். ஜெராக்ஸ் இரண்டு ரூபாய் வீதம் நாலு ரூபாய்.

41,300க்கு அண்ணாச்சியிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை மோர் கொடுத்தார். இரண்டாம் தடவை, "அடுத்த வருஷ வாரத்தையும் நீயே எடுத்துக்கடே, கழிச்சுக்கிடலாம்" என்றார். அவருடைய டைம்ஷேர் பாண்டுப் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 25 வருஷம் வருகிற மார்ச்சோடு முடிகிறது. அடுத்த மே அவர் பேரில் இல்லை. அதைக் காட்டினதும், "அடப் பாவிகளா, சொல்லவே இல்லையே!" என்று அவருக்கே அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி நிஜம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. ஏமாற்றுக்காரர் என்றால் சண்டை போட்டிருப்பேன். மூன்றாம் தடவை அண்ணி பணியாரம் கட்டிக் கொடுத்தாள்.

போன வாரம் அவரே போன் பண்ணினார். கோவண்டியில் அவருக்கு ஒரு ரூம் இருக்கிறது. ஐடி கம்பெனியில் வேலைசெய்கிற இரண்டு பையன்கள் குடிவருகிறார்கள். அக்ரிமென்ட் போட வேண்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஆணி ஒன்றுக்கு 200 ரூபாய் பிடித்தம் என்று போடச் சொன்னார். போட்டேன். கரன்ட் பில் லேட்டானால் வட்டி யாருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றார்.

"நாளைப்பின்னே தகராறு வரக் கூடாது பாரு. எழுத்துல இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் கட்டைவிரலை மெஷினில் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நல்லா அழுத்துங்க அண்ணாச்சி" என்றேன்.